ஒரு முழம் தள்ளி

அன்புள்ள அம்மா,

நான் புதுச்சேரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூர். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறிவியல் புனைகதையை இருபது நிமிடக் குறும்படமாக எடுக்கப்போகிறோம். மூலக்கதையிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம்? கிராஃபிக்ஸுக்குப் பணமில்லாமல் இப்படிப்பட்ட கதையை எடுக்க முடியுமா? 'இதெல்லாம் நம் ஊருக்கு ஒட்டாது' என்று வீட்டில் சொல்கிறார்களே, உண்மையா? அண்மையில், வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வரும் 'அரைவல்' படம் பார்த்துவிட்டு அதன் மூலக்கதையைத் தேடிப் படித்தேன். படம் பிடித்த அளவுக்குக் கதை பிடிக்கவில்லை. கதையில் சீனத் தளபதி இல்லை, குண்டுவெடிப்பு இல்லை, போர் மூளும் அபாயம் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றியது. இப்படிச் சொல்வது தவறா?

ம.,
திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ம.,

தவறுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், தப்பிக்க விடப்போவதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் மஞ்சக்குப்பம் வீட்டின் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். என் தாய்மாமாவின் தகரப்பெட்டியில், பழைய ரேஷன் அட்டைக்கு அடியில், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான பிலிம் துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. மாமா கடலூர் முதுநகரில் ஒரு திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவர். அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இரண்டு நாள் வேறு வேலை எதுவும் ஓடவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் எழுதினீர்கள். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம். இல்லாவிட்டால் 'நன்றி, வாழ்த்துகள்' என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பேன்.

பணத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். 1972-இல் வந்த 'சொலாரிஸ்' படத்தில் எதிர்கால நகரம் ஒன்று தேவைப்பட்டது. இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி அதைக் கட்டவில்லை. டோக்கியோவின் மேம்பாலங்களிலும் சுரங்கச் சாலைகளிலும் கார் ஓடுவதைப் படம்பிடித்துச் சேர்த்துவிட்டார். அதற்குப் பத்து ஆண்டு முன்பே பிரெஞ்சுக்காரர் கிறிஸ் மார்க்கர், காலப்பயணத்தைப் பற்றி 'லா ஜெத்தே' என்று அரை மணி நேரத்துக்கும் குறைவான படம் எடுத்தார். படம் என்றா சொன்னேன்? ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்கள்தான். ஒரே ஓர் இடத்தில், படுத்திருக்கும் பெண் கண்ணைத் திறந்து இமைக்கிறாள். அந்தச் சில நொடிதான் அசைவு. பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்கள் கையிலிருக்கும் தொலைபேசி அவர்கள் வைத்திருந்த கருவிகளைவிட மோசமாக இருக்காது.

'நம் ஊருக்கு ஒட்டாது' என்பதற்குப் பதில் எழுதுவதே வீண். 1962-இல் சத்யஜித் ராய் எழுதிய கதையில் வேற்றுக்கிரகவாசி வந்து இறங்கியது ஒரு வங்கக் கிராமத்தின் மூங்கில் தோப்பில். மறு ஆண்டே நம் 'கலையரசி' வந்தது. அதில் வேறு கிரகத்துக்காரர்கள் தங்களுக்கு இசை தெரிந்தவர் வேண்டும் என்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பாட்டுக்காக வந்தவர்களை நம் ஊருக்கு ஒட்டாதவர்கள் என்றா சொல்வது?

விலகல்? தாராளமாக விலகுங்கள். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை எழுதிய கிளார்க்கும் எடுத்த குப்ரிக்கும் ஒரே காலத்தில் நாவலையும் படத்தையும் வளர்த்தார்கள். நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்ட முடியவில்லை என்பதால் படத்தில் வியாழனோடு நிறுத்திக்கொண்டார்கள். குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை. 1979-இல் வந்த 'ஸ்டாக்கர்' இன்னும் துணிச்சல். மூலநாவலின் ஆசிரியர்களான ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்களே திரைக்கதையில் உட்கார்ந்தார்கள். நாவல் நிறையக் கிடந்த விசித்திரப் பொருள்களில் பெரும்பாலானவை படத்தில் இல்லை. புல் இருக்கிறது, தேங்கிய தண்ணீர் இருக்கிறது, துணிநாடா கட்டி எறியும் இரும்பு நட்டு இருக்கிறது. அதுவே போதுமாக இருந்தது. பெற்றவர்களே விட்டுக்கொடுத்த பிறகு உங்களுக்கு என்ன தயக்கம்?

இப்போது வாருங்கள், தம்பி. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று எழுதினீர்களே.

ஒரு தாய், தன் மகள் இருபத்தைந்து வயதில் மலையேறும்போது விழுந்து இறந்துவிடுவாள் என்று தெரிந்தே அவளைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாள். 'அரைவல்' படத்துக்கு மூலமாக டெட் சியாங் 1998-இல் வெளியிட்ட கதையில் நடப்பது இதுதான். இதற்கு மேல் என்ன நடக்கவேண்டும் உங்களுக்கு? தளபதி வேண்டும், குண்டு வேண்டும், அப்படித்தானே? கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, மணப்பெண்ணைப் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை எடுத்தவர்கள் பந்தல் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வியாபாரம் அது. தளபதியின் தொலைபேசிக் காட்சியில் சாமர்த்தியம் உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்த பெரிய காரியம் வேறு. அதை நீங்கள் பார்த்தீர்கள், அனுபவித்தீர்கள், என்னவென்று மட்டும் கவனிக்கவில்லை.

நான் இருபத்தெட்டு ஆண்டு பள்ளியில் தமிழ் நடத்தியவள், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதை உயிர்வாழ்வது வினைச்சொல்லில். தாய் மகளிடம் பேசுகிறாள். நீ இப்படி நடப்பாய், இப்படிக் கோபித்துக்கொள்வாய், எனக்கு நினைவிருக்கிறது என்கிறாள். வரப்போவது எப்படி நினைவிருக்கும்? முதல் பக்கத்தில் நமக்குக் குழப்பம். வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைக் கற்கக் கற்க அவளுக்கு முக்காலமும் ஒன்றாகிவிட்டது என்று தெரியவரும்போது அந்தக் குழப்பம் துக்கமாகிறது. கதையின் அறிவியல் முழுவதும் அந்த வினைமுற்றுகளில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்வதை ஏற்கும் கால வழுவமைதியை நன்னூலில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். 'விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி.' சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாசலில் கூப்பிடும் நண்பனுக்கு 'வந்தேன், வந்தேன்' என்கிறானே, அது விரைவு. தெளிவுக்கு உரைகாரர்கள் ஓர் எடுத்துக்காட்டு சொல்வார்கள்: எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை பெய்தது. மழை இன்னும் பெய்யவில்லை. பெய்வது உறுதி என்பதால் பெய்ததாகவே சொல்லிவிடுகிறோம். அந்தத் தாய் தன் மகளைப் பற்றிப் பேசுவது இந்தத் தெளிவில்தான். ஒன்பதாம் வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். இதற்குள் ஒரு மகளின் சாவு இருக்கிறது என்று அன்று எனக்கும் தெரியாது.

சரி, படத்தில் வினைச்சொல் ஏது? கேமராவுக்கு இறந்தகாலம் தெரியாது, எல்லாமே இதோ நடக்கிறது. 'அரைவல்' இயக்குநர் வில்நவ் என்ன செய்தார்? நமக்குப் பழகிப்போன ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நம் படங்களில் கொசுவத்திச் சுருள் சுழன்றால் கதை பின்னால் போகிறது என்று பொருள். அவர்கள் ஊரில் சுருள் கிடையாது, மங்கிய வெளிச்சமும் சிரிக்கும் குழந்தையும் தனியாக நிற்கும் அம்மாவும் உண்டு. படம் தொடங்கியதும் அந்த மகள் பிறக்கிறாள், வளர்கிறாள், நோயில் இறக்கிறாள். பாவம், மகளை இழந்தவள் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. திரையரங்கில் எத்தனையோ ஆண்டு உட்கார்ந்து நாம் கற்ற இலக்கணம் நம்மை அப்படிச் சொல்லவைத்தது. அந்த இலக்கணத்தை இறுதியில் உருவிக்கொள்கிறார்கள். சியாங் வினைமுற்றில் செய்ததை அவர்கள் வெட்டி ஒட்டுவதில் செய்தார்கள். கதை எந்த உறுப்பால் மூச்சுவிடுகிறதோ, படத்தில் அதற்கு ஈடான உறுப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மகள் மலையில் விழுந்தாலும் நோயில் போனாலும் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கதை ஒன்றையும் படமாக எடுத்தார்கள்.

அதற்கு முன் மாமாவைப் பற்றி. அவர் வேலை பார்த்த கேபினுக்குள் பெண்பிள்ளைகள் போகக்கூடாது என்று எங்கள் பாட்டியின் உத்தரவு. மாமா பாட்டிக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிப்போவார். கார்பன் குச்சி எரிகிற வாடையும் அனலும் தாங்காது. அங்கேதான் ஒருநாள் என் கையில் ஒரு துண்டு பிலிமைக் கொடுத்தார். அதில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நெளிநெளியாக ஒரு கோடு. 'அதுதான் சத்தம்' என்றார். அவள் சிரிப்பா என்று கேட்டேன். 'இல்லை. அவள் சிரிப்பு அவள் பக்கத்தில் இருக்காது. இருபது கட்டம் தள்ளி இருக்கும்.'

படம் காட்டும் கருவியைத் திறந்து காட்டினார். படம் தெரியும் இடத்தில் பிலிம் ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று போகவேண்டும், நொடிக்கு 24 முறை. சத்தம் படிக்கும் இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். நிற்பதும் ஓடுவதும் ஒரே இடத்தில் நடக்காது. அதனால் இரண்டையும் பிரித்து, நடுவில் பிலிமைத் தளர்வாக ஒரு லூப் விட்டு மாட்டுவார்கள். ஒரு கட்டம் சுமார் 19 மில்லிமீட்டர் உயரம். இருபது கட்டம் என்றால் 38 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம். முகத்துக்கும் அதன் குரலுக்கும் நடுவில் முழத் தூரம். லூப் சரியாக விழுந்தால் இரண்டும் திரையில் ஒன்றுசேரும். லூப் சில கட்டம் நீண்டுவிட்டால் உதடு அசைந்து ஓய்ந்த பிறகு வசனம் வரும். கொட்டகையே விசிலடிக்கும். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார்.

2007-இல் நான் எழுதிய கதை அந்த லூப்பிலிருந்து வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒருநாள் அலை விழுந்து ஒரு நொடி கழித்து ஓசை வருகிறது. மறுநாள் ஒரு நிமிடம் கழித்து. பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில். ஏன் என்று யாருக்கும் தெரியாது, கதையும் சொல்லாது. கடலுக்குப் போன புருஷன் திரும்பாத ஒரு பெண், தாமதம் பதினொரு நாளாக நீளும் விடியலுக்காகக் காத்திருக்கிறாள். பதினொரு நாளுக்கு முன் படகைத் தள்ளும்போது அவன் போட்ட சத்தம் அன்று கரைக்கு வந்துசேரவேண்டும். அவ்வளவுதான் கதை.

புதுச்சேரியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், பேசும்போது கண் மின்னியது. 'நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்' என்று சொல்லி, திரைக்கதையைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அது என் முட்டாள்தனம், அவர்கள் தலையில் போடமாட்டேன். ஓர் ஆண்டு கழித்து ஒரு சிறிய அரங்கில் திரையிட்டார்கள். படத்தில் ஒரு விஞ்ஞானி வந்துவிட்டார். அவரிடம் ஒரு கருவி. கருவியால்தான் ஓசை பிந்துகிறதாம். கதாநாயகன் அதை உடைக்கிறான், ஓசை ஒழுங்காகிவிடுகிறது. என் பெண் இரண்டு இடத்தில் கடலைப் பார்த்து அழுதாள். படம் முழுக்கப் பின்னணி இசை, இடைவெளி இல்லாமல். அலை சத்தமில்லாமல் விழுவதை ஒரே ஒருமுறைகூட நாங்கள் பார்க்கவில்லை. ஓசை பிந்துவதைப் பற்றிய கதை! காகிதத்தில் நான் பத்துப் பத்தி எழுதி முட்டிமோதியதை அவர்கள் ஒலித்தடத்தை இழுத்து வைத்தே செய்திருக்கலாம். சினிமாவின் வயிற்றிலேயே இருந்த கதையை எடுத்து, அதற்கு வெளியிலிருந்து ஒரு வில்லனைக் கூட்டிவந்தார்கள்.

பாதிப் படத்தில் ஒரு சம்பவம். கணினியில் ஏதோ சிக்கி, படம் ஓட, ஒலி பின்தங்கத் தொடங்கியது. திரையில் அவள் வாய் திறந்து மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை. கட்டுமரம் மணலில் சறுக்கியது, ஓசையில்லை. பிறகு வெறும் கடல் தெரிந்தபோது அவள் கூப்பிட்ட குரல் வந்தது. ஆளில்லாத கரையில் குரல் மட்டும். எனக்கு அடிவயிறு கலங்கியது. அதற்குள் அரங்கில் 'சவுண்ட்! சவுண்ட்!' என்று கூச்சல். இயக்குநர் பையன் முகம் வெளிறி ஓடினான், மாமா ஓடுவதைப்போலவே. கை தட்டினார்கள், சரிசெய்துவிட்டான். முப்பது நொடி இருக்கும். என் கதை படமானது அந்த முப்பது நொடிதான்.

அவனிடம் அதைச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். சொல்லியிருக்கவேண்டும். அந்தக் கடனைத்தான் இப்போது உங்களிடம் தீர்க்கிறேன் போலிருக்கிறது. நான்கு பேரும் உட்கார்ந்து திரைக்கதை எழுதத் தொடங்கும்முன், இந்தக் கதை எந்தச் சொல்லில், எந்த வாக்கியத்தில் மூச்சுவிடுகிறது என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அதை ஒலியால் செய்வீர்களா, வெட்டால் செய்வீர்களா, அசையாப் படத்தால் செய்வீர்களா என்று முடிவாகிற வரை கேமராவைத் தொடாதீர்கள். வில்லன் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை டீ வாங்க அனுப்புங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி பார்க்கிறேன். எந்தக் கதையை எடுக்கப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே! யாருடையதாக இருந்தாலும் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கையெழுத்துப் போடுபவரைத் திரைக்கதையைப் படிக்கவையுங்கள்.

பெட்டியில் கிடைத்த பிலிமில் பாதியை வெட்டி உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வெட்டினால் சிரிக்கும் முகம் என்னிடமும் சிரிப்பு உங்களிடமும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வீட்டுக்கு வாருங்கள், முழுதாகப் பார்க்கலாம். கதையையும் கொண்டுவாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வரவும், மதியம் நான் தூங்குவேன்.