மேசைக்கு ஒருவர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

அமெரிக்க ராணுவ ரிசர்வில் (ஊரில் வேலை பார்த்துக்கொண்டே, அழைக்கும்போது ராணுவப் பணிக்குப் போகிறவர்களின் படை) இருக்கும் மயக்க மருந்து நர்ஸ்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் திருச்சியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்க டாக்டர் வராமல் எங்களுக்குக் கேஸ் தொடங்காது. போர்முனையில் அந்த டாக்டரே இல்லாமல் ஒரு நர்ஸ் மயக்கம் கொடுக்கிறார், அதுவும் 90 நாள் மட்டும் போய்வருகிறவர் என்பது உறுத்துகிறது. வீரர்களின் உயிரோடு விளையாடுவதாகாதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தியேட்டரில் நின்று பழகியவருக்கு இந்த உறுத்தல் வரத்தான் செய்யும். ஆனால் அங்கே இவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, மயக்கவியலைத் தனிப் பட்டமாகப் படித்து, தேசியத் தேர்வு எழுதி வருகிறவர்கள். போருக்கும் புதியவர்கள் இல்லை. 1915 தொடக்கத்திலேயே அகதா ஹாட்ஜின்ஸ் என்ற நர்ஸ், அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைலுடன் பாரிஸ் அருகே நெய்யியில் காயம்பட்டவர்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைக் கொடுத்தார்.

ஆப்கானிஸ்தானில் போர்முனைக்கு அருகிலேயே ஆபரேஷன் செய்த முன்னணி அறுவைக் குழு மொத்தம் 20 பேர். அறுவை மருத்துவர்கள் நால்வர், ஆபரேஷன் மேசை இரண்டு, மயக்க மருந்து நர்ஸ் இருவர். ஆக, மேசைக்கு ஒருவர். மூச்சுக்குழாயில் டியூப் போகவில்லை என்றால் கூப்பிட ஆள் இல்லை. இருக்கும் இன்னொரு நர்ஸும் அடுத்த மேசையில் கைநிறைய வேலையோடு நிற்பார்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் தட்டுப்பாடு என்பதால், சுற்றியுள்ள காற்றையே இழுத்து ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தின் ஆவியோடு கலக்கும் சிறிய கருவியும் கையில் இருக்கும். ரத்தம் கொட்டியவருக்குப் பெரும்பாலும் கெட்டமைன் என்ற மயக்க ஊசி மருந்து, அதையும் அளவு குறைத்து. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் கூடாரத்துக்குள் சூட்டைக் குறைக்க மாட்டார்கள். இருப்பு ரத்தம் தீர்ந்தால் முகாமிலிருக்கும் வீரர்களே வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். அப்போதுதான் எடுத்த அந்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டே, மறுகையால் நாடியைப் பிடித்திருப்பவர் இந்த நர்ஸ்தான். எனக்கு இந்தக் காட்சியை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

சரி, அந்த 90 நாள். ரிசர்வ் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், மயக்க மருந்து நர்ஸ்கள் ஆகியோருக்கு மட்டும் களத்தில் 90 நாள் என்று விதி வைத்தார்கள். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் ஒரு வருடம் போனால் ஊரில் எல்லாம் கலைந்துவிடும், அப்புறம் ரிசர்வையே விட்டு விலகிவிடுவார்கள் என்பது காரணம். சம்பளத்துக்கு இருப்பவர்களின் வேலையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. சொந்தத் தொழிலை அந்தச் சட்டம் காக்காது.

என் கவலை வேறு. 20 பேர் கொண்ட குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுப்பவர் மாறினால், அந்த அறுவை மருத்துவரின் கைவேகம் பிடிபடுவதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். ஆனால் அந்த ரிசர்வ் நர்ஸ் கை மழுங்கி வருபவர் இல்லை. ராணுவ மருத்துவமனைகளில் அமைதிக்காலத்தில் விபத்துக் கேஸ் குறைவு. அதனால்தான் ராணுவமே தன் குழுக்களை மயாமியின் ரைடர் விபத்துச் சிகிச்சை மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. பெருநகர விபத்துப் பிரிவில் வேலை பார்க்கும் ரிசர்வ் நர்ஸுக்கோ அது அன்றாட வேலை.

எனக்குத் தெரிந்த அப்படி ஒரு நர்ஸ் களத்திலிருந்து ஞாயிறு ஊர் திரும்பி, செவ்வாய் பித்தப்பை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தார். நோயாளியின் காலில் பூட்ஸ் இல்லாததைப் பார்த்து ஒரு நொடி திகைத்து நின்றதாகச் சொன்னார்.