புகைத்தது ஒன்று, சிறுநீரில் தெரிவது வேறொன்று எப்படி?

செயற்கைக் கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில் வேறொரு பொருளின் தடயம் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பம்தான் காரணம்.

யூஆர்-144 என்ற செயற்கைக் கஞ்சாப் பொருளில் மூன்று கார்பன் அணுக்கள் சேர்ந்த இறுக்கமான வளையம் உண்டு. பற்றவைத்ததும் அது திறந்துகொள்கிறது. அணுக்களின் எண்ணிக்கை அதேதான், அமைப்புதான் மாறுகிறது. உடல் இந்தப் புது வடிவத்தையும் சிதைத்து வெளியேற்றும். மூலப்பொருளின் எச்சத்தை மட்டும் தேடினால் ஆள் தப்பிவிடலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு: மாதிரியை ஆவியாக்கி அதிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவியே அதைச் சூடாக்குகிறது. அப்புறம் வளையம் புகையில் திறந்ததா, கருவியிலா? சூடாக்கி ஆவியாக்காத திரவ முறையில் இந்தக் குழப்பம் குறைவு.

சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாகச் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். ஒருவரின் வாழ்க்கை அந்த முடிவில் தொங்குகிறது.