ஆத்திர அவசரத்துக்கு யார்? – கேள்வி பதில்

தனியாக இருப்பவர்களைச் சுற்றி நாலு பேரைச் சேர்ப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். சென்னையில் பதினோரு வருடமாக நான் செய்துவருவது இந்த வேலைதான். படித்துத் தெரிந்துகொண்டதைவிடச் சொதப்பித் தெரிந்துகொண்டது அதிகம். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பா திருச்சியில் தனியாக, வயது 74. அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் போன் செய்கிறேன். "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்பதோடு சரி. அக்கம்பக்கத்தில் பழகச் சொன்னால் "யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாதும்மா" என்கிறார்.

முதலில் ஒரு தாளை எடுங்கள். போன வாரம் அப்பாவை நேரில் பார்த்தவர்கள் யார் யார் என்று அவரையே கேட்டு எழுதுங்கள். சித்தப்பா, மாமா என்று எழுதக் கை போகும். வேண்டாம், நேரில் பார்த்தவர்கள் மட்டும். பால் போடுகிறவர், இஸ்திரிக்காரர், மருந்துக்கடைப் பையன், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா. இவ்வளவுதானா என்று இருக்கும். பரவாயில்லை, இவர்களிடமிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

இவர்களிடம் "அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்கும் தெரியாது, தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். "எட்டு மணிக்கு மேலேயும் பால் பை கேட்டிலேயே தொங்கினால் இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதைச் செய்வார்கள்.

தொந்தரவு விஷயத்துக்கு வருகிறேன். நாம் மொய் எழுதுகிற ஊர்க்காரர்கள். வந்த மொய்யோடு கொஞ்சம் கூட்டித்தான் திருப்பி எழுதுவோம், அதனால் கணக்கு முடியவே முடியாது, போக்குவரத்தும் நிற்காது. உங்கள் அப்பா நோட்டையே திறக்க மாட்டேன் என்கிறார். அவரை வாங்கச் சொல்லாதீர்கள், முதல் மொய்யை அவரை எழுதச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். மாடி வீட்டுப் பாட்டிக்குப் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை ஒரு தடவை போனிலேயே போட்டுக்கொடுத்தார். அடுத்த நவம்பரில் அவர் வீட்டு வாசலில் ஏழு பேர், ஆளுக்கொரு ஆதார் அட்டையோடு. அந்த வாரம் அவர் வீட்டுக் காபிப்பொடி தீர்ந்துபோனது. பிறகு அவருக்குக் கண் ஆபரேஷன் என்றபோது அந்த ஏழு பேரில் இருவர் கூடப் போனார்கள். அவர் கேட்கவே இல்லை.

கோவையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 27 வயது, ஆட்டிசம். எங்கள் காலத்துக்குப் பிறகு அவனுக்கு யார்?

இதே கேள்விதான் கனடாவின் வான்கூவரில் சில பெற்றோர்களைச் சேர்த்தது. 1989-ல் 'பிளான்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும், அவனைப் பிடித்துப்போய் வருகிற சிலரைக் கொண்ட ஒரு வட்டம். அதைக் கூட்டிவைக்க ஓர் ஒருங்கிணைப்பாளர். சம்பளத்துக்கு வருகிறவர்கள் அந்த வட்டத்தில் சேர்த்தி இல்லை என்பதில் அவர்கள் கறாராக இருந்தார்கள்.

நம் ஊரில் 1999-ம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ள, 18 வயது கடந்தவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு மூலம் சட்டபூர்வ காப்பாளரை நியமிக்கலாம். இன்னும் செய்யவில்லை என்றால் இந்த மாதமே விண்ணப்பம் போடுங்கள். ஆனால் காப்பாளர் கையெழுத்துக்கு உதவுவார். சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால் அவன் தட்டைத் தள்ளிவிடுவான் என்பது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வட்டத்தைப் பரிதாபத்தில் சேர்க்க முடியாது, அவனுக்குப் பிடித்ததில்தான் சேரும். ஓர் இளைஞருக்குப் பேருந்து என்றால் உயிர், எந்த நம்பர் வண்டி எங்கே போகும் என்று தூக்கத்திலும் சொல்வார். சனிக்கிழமை சாயங்காலம் அவரை டிப்போ எதிரில் இருக்கிற டீக்கடைக்கு அழைத்துப்போகச் சொன்னேன். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் அம்மா என் மேல் கோபப்பட்டார், நியாயம்தான். மூன்றாம் மாதம் காய்ச்சலால் ஒரு வாரம் போகவில்லை. டீ மாஸ்டர் போன் போட்டு, "தம்பி எங்கக்கா, இன்னிக்கு யாரு எனக்கு வண்டி நம்பர் சொல்றது?" என்றாராம். அம்மா எனக்கு அதைச் சொல்லும்போது அழுதார்.

இன்னொன்று. மகள் இருந்தால் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். ஒருத்தி மட்டும் இருந்தால் அது வட்டம் ஆகாது.

வயது 31. சென்னையில் வீட்டிலிருந்தே வேலை. வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை யாரிடமும் பேசாமல் கழிந்த வாரங்கள் உண்டு. கிளப், வகுப்பு எல்லாம் போய்ப் பார்த்தேன், யாரும் ஒட்டவில்லை.

எத்தனை தடவை போனீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு தடவை இருக்கும் என்று நினைக்கிறேன், தப்பென்றால் மன்னியுங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராகவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர் என்றால் 200-க்கும் மேல். பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்கு முப்பது தடவை போங்கள். ஒரே மெஸ், ஒரே நேரம், முடிந்தால் ஒரே மேஜை.

கணவர் இறந்து மூன்று வருடம். தேனிப் பக்கம் ஒரு கிராமம். சொந்தத்தில் விசேஷங்களுக்குக் கூப்பிடுவதே இல்லை. கூப்பிட்டாலும் ஓரமாக உட்கார வைக்கிறார்கள்.

அந்தச் சொந்தங்களைத் திருத்துகிற வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அக்கா. உங்கள் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழு இருக்கும். தமிழ்நாட்டில் தருமபுரியில் 1989-ல் ஆரம்பித்த சமாச்சாரம் அது. கடனுக்குத்தான் என்று நினைக்கிறோம். ஆனால் 12 முதல் 20 பெண்கள் தவறாமல் கூடி உட்காருகிற இடம் ஊரில் வேறு எது? சேமிப்புப் பணம் கட்ட வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் வந்து நிற்கும். மற்றவர்களுக்கு அது தலைவலி, உங்களுக்கு அதுதான் வேண்டும். கடன் வாங்காமலும் உறுப்பினராக இருக்கலாம். கணக்கு எழுத வருமென்றால் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். 180 பேர் சேர்ந்தார்கள். உதவி என்று கேட்டால் கைகூப்பும் பொம்மைதான் வருகிறது.

180 பேரிடம் கேட்டால் யாரிடமும் கேட்காத மாதிரிதான். கேரளாவில், மலப்புறம் பக்கம், தீராத நோயாளிகளைக் கவனிக்க அக்கம்பக்கத்தாரைக் கொண்டே ஒரு வலையமைப்பு கட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். நீங்களும் குழுவை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பெரியவருக்கு மூன்று பேர் என்று நேரில் போய்க் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை யார், வெள்ளிக்கிழமை யார் என்று கிழமையோடு பேசி முடியுங்கள்.

ராத்திரி பயமாக இருந்தால் எந்த எண்?

மனசு சரியில்லை என்றால் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். முதியோருக்கு 14567 இருக்கிறது, ஆனால் அது பகலுக்கு.

தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டு மாற்றுச் சாவியை யாரிடம் கொடுப்பது?

நடந்தே ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவரிடம். எவ்வளவு பாசமான தம்பியாக இருந்தாலும் தாம்பரத்தில் இருப்பவர் அண்ணா நகருக்கு வருவதற்குள் பூட்டை உடைத்திருப்பார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஏ.டி.எம். அட்டையும் பின் நம்பரும் அவரிடம் போகக்கூடாது. அப்புறம், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாரா என்று கேளுங்கள். போட்டால் சாவி இருந்தும் பிரயோஜனம் இல்லை.