கையால் அடித்த மானும் துருப்பிடித்த காட்டெருமையும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் புது வீடு கட்டியிருக்கிறோம் சார். ஹாலில் வைக்க ஒன்றரை அடி உயரத்தில் ஒரு இரும்பு மான் பார்த்தோம். "முழுக்க முழுக்கக் கையால் அடித்தது" என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்கிறார்கள். தூக்கிப் பார்த்தால் ஆறு கிலோதான் இருக்கும். இரும்பு கிலோ 70 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது பகல் கொள்ளை இல்லையா? கையால் அடித்ததுதான் என்று எப்படி நம்புவது?

பதில்: கிலோ கணக்கை முதலில் விடுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கிப் பழகிய நமக்கு எதையும் எடை போட்டுப் பார்க்கத்தான் தோன்றும், ஆனால் கொலுசில் பெரிய காசு வெள்ளிக்குப் போகிறது, இரும்பு மானில் அது தலைகீழ். நீங்கள் சொன்ன விலைப்படி உள்ளே இருக்கும் இரும்பு 420 ரூபாய், மற்றதெல்லாம் கரியும் கூலியும் கடைக்காரர் லாபமும்தான். 12 மில்லிமீட்டர் கம்பியை உலையில் வைத்து மஞ்சளாகப் பழுக்கவிட்டு (ஏறத்தாழ 1,100 டிகிரி) அடைகல்லில் (இரும்பை வைத்து அடிக்கும் கனத்த கட்டை) வைத்தால் அடிக்கக் கிடைப்பது அரை நிமிடம் போல, சூடு மங்கியதும் திரும்ப உலைக்குள் போக வேண்டும். மங்கிய பிறகும் விடாமல் அடித்தால் கம்பி விரிசல் விடும். ஒரு கொம்பை நீட்டிக் கூராக்கவே இப்படிப் பல தடவை உலைக்கும் கல்லுக்கும் நடக்க வேண்டும், அப்புறம் நான்கு கால், காது, கழுத்து வளைவு எல்லாம் மிச்சம் இருக்கிறது. ஒருவர் குறட்டில் பிடித்துச் சின்னச் சுத்தியால் இடம் காட்ட, இன்னொருவர் சம்மட்டி போடுகிற வேலை அது. இரண்டு பேருடைய மூன்று நாள் கூலியைப் போட்டுப் பாருங்கள், 14,000 அநியாயமாகத் தெரியாது.

ஆனால் அந்த மான் நிஜமாகவே அப்படி அடித்ததாக இருக்க வேண்டும். லேசரில் வெட்டிய தகட்டை வளைத்து வெல்டு வைத்த மானுக்கு இந்த விலை தர வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க, கொம்பைப் பாருங்கள். அடித்த கொம்பு அடியில் தடித்து நுனி வரை சீராக மெலியும், தகட்டில் வெட்டியது எங்கே தொட்டாலும் ஒரே கனம். கண்ணுக்கோ மூக்குக்கோ துளை இருந்தால் அதன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்: சூட்டில் உளி அடித்துத் துளைத்திருந்தால் இரும்பு பக்கவாட்டில் ஒதுங்கி லேசாகப் புடைத்திருக்கும், டிரில் போட்டிருந்தால் புடைப்பு இருக்காது. சுத்தி அடித்த தடத்தை மட்டும் வைத்து ஏமாந்துவிடாதீர்கள், சூடு பண்ணாத தகட்டில் குண்டு சுத்தியால் நாலு தட்டு தட்டியே அந்தத் தோற்றத்தை வரவழைக்கிறார்கள். அது பார்வைக்குப் படும் பக்கம் மட்டும், எல்லாம் ஒரே அளவில் இருக்கும். மானைக் கவிழ்த்து வயிற்றுக்கு அடியில் பாருங்கள், அங்கேயும் ஒழுங்கில்லாத அடித்தடம் இருந்தால் நல்லது. இன்னொரு சுலபமான வழி, கடையில் அதே மான் இரண்டு இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் அது கை வேலை இல்லை. காந்தம் ஒட்டுகிறது, அதனால் ஒரிஜினல் என்பார்கள், காந்தம் தகட்டிலும் ஒட்டும், உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பிலும் ஒட்டும், அதை வைத்து ஒன்றும் தெரியாது.

இந்தப் பாடத்துக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு கடையில் "பட்டறையில் அடித்த குதிரை" என்று வாங்கி வந்தேன், வீட்டில் மேஜையிலிருந்து விழுந்ததும் முன்னங்கால் கடக்கென்று உடைந்தது. உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது, வார்ப்பிரும்பு. கார்பன் அதிகம் உள்ள அதை உலையில் வைத்து அடிக்கவே முடியாது, நொறுங்கிவிடும். சாதாரண கம்பியில் அடித்த கால் என்றால் வளைந்திருக்கும், அவ்வளவுதான். பில் வாங்காததால் கடைக்காரரிடம் வாயே திறக்க முடியவில்லை.

ஒன்று மட்டும், காலை உடம்போடு வெல்டு வைத்திருப்பதைக் குறையாகப் பேசாதீர்கள். இன்று நல்ல பட்டறைகளிலும் அது வழக்கம்தான். "எதை உலையில் அடித்தீர்கள், எதை வெட்டி ஒட்டினீர்கள்" என்று நேராகக் கேளுங்கள், தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வாசலில் வைக்க ஒரு இரும்புக் காட்டெருமை செய்யச் சொல்லி வாங்கினேன். கறுப்பாக, மெழுகு பூசி, ரொம்ப அழகாக இருந்தது. "வெளியில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை அண்ணா, முதுகெல்லாம் துரு வழிந்து படிக்கட்டுக் கல்லும் கறையாகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம் அம்மா, அந்த வாட்ஸ்அப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். வெளியில் நிற்கும் என்று சொல்லி விற்றுவிட்டு அது நிற்கவில்லை என்றால் அது பொருளில் உள்ள குறைதான். முதலில் போட்டோவோடு எழுத்தில் கேளுங்கள், சரிசெய்து தரச் சொல்லுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், எருமையைக் காப்பாற்றுங்கள். மெழுகு, ஆளிவிதை எண்ணெய் எல்லாம் வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்காருகிற ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்? கம்பி பிரஷ் போட்டு உதிரும் துருவையெல்லாம் எடுத்து, தின்னரில் துடைத்து மெழுகைப் போக்கி, நன்றாகக் காய்ந்த வெயில் நாளில் துத்தநாக பிரைமர் ஒரு கோட், அதன் மேல் மங்கலான கறுப்பு எனாமல் மெல்லியதாக இரண்டு கோட். தடிமனாக அடித்தால் சுத்தித் தடமெல்லாம் மூடிப்போய்க் கடைப் பொம்மை மாதிரி ஆகிவிடும். வயிறு உள்ளே காலியாக இருந்தால் அடியில் ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள், தேங்கும் தண்ணீர் உள்ளேயிருந்துதான் தின்னும். கால்கள் மண்ணில் படாமல் கல் மேல் நிற்கட்டும்.

துத்தநாகக் குளியல் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) போட்டுவிடலாமா என்று யாராவது சொன்னால், அது நல்ல யோசனைதான், பளபளப்பான சாம்பல் நிறம் உங்களுக்குப் பரவாயில்லை என்றால். ஆனால் காற்றுப் போக வழியில்லாமல் மூடி வெல்டு வைத்த உடம்பை 450 டிகிரி துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் அதை வெடிக்க வைக்கும். ஓட்டை போட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மயில் ஒன்று, கறுப்பு நிறம், கம்பியை முறுக்கிச் செய்தது. "ஒரிஜினல் சேலம் ஸ்டீல், அதனால் விலை கூட" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சேலம் பக்கத்துக் கஞ்சமலை இரும்புக் கல்லால் நம் ஊர் இரும்புக்குப் பழைய பேர் உண்டு, அதை வைத்து வியாபாரம் நடக்கிறது. இன்று சேலம் உருக்காலையில் வருவது முக்கியமாக ஸ்டெயின்லெஸ் தகடும் சுருளும். உங்கள் மயில் முறுக்கிய கறுப்புக் கம்பி என்றால் அது பெரும்பாலும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற சாதாரண கம்பிதான். அதில் தப்பே இல்லை, உலையில் அடிக்க அதுதான் தோது. அந்தப் பேருக்காகக் கூட்டிய தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள், தோகையை அடித்த கைக்கு உள்ளதைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, பில்லில் "கையால் அடித்தது" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.