பத்தாவது இடத்தில் இருக்கும் படம்

அன்புள்ள அக்கா,

விடுமுறைக்கு வந்த தங்கையும் நானும் மூன்று வாரமாக ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி அனிமேஷன் படங்களாகவே பார்த்துத் தீர்த்தோம். கடைசியில் ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். வீட்டில் பெரிய சண்டை. என் பட்டியல் இது: ஸ்பிரிட்டட் அவே, பிரின்சஸ் மோனோனோகே, டோட்டோரோ, ஹௌல்ஸ் மூவிங் காஸில் (அந்த முட்டையும் பேக்கனும் பொரிக்கும் காட்சிக்காகவே நாலாவது இடம் கொடுக்கலாம்), நௌசிகா, காஸில் இன் த ஸ்கை, கிகி, த விண்ட் ரைஸஸ், கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ், கடைசியாக ஒன்லி யெஸ்டர்டே. தங்கை கிகியைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்கிறாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. கடைசி இரண்டையும் இயக்கிய தகஹாதாவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? ஃபயர்ஃப்ளைஸ் நல்ல போர் எதிர்ப்புப் படம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது முறை பார்க்கத் துணிவு வராத படத்தை எப்படி மேலே வைப்பது? ஒன்லி யெஸ்டர்டேயில் எதுவுமே நடக்கவில்லை. ஒரு பெண் ரயிலில் போகிறாள், சின்ன வயதை நினைத்துக்கொள்கிறாள். நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே, இதை ஏன் வரைய வேண்டும்? உங்கள் பட்டியல் என்ன?

ஆர்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் அதையே தேடிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு முதலிடம் ஒன்லி யெஸ்டர்டே. இரண்டாவது டோட்டோரோ. மூன்றாவது, உங்கள் பட்டியலில் இல்லாத த டேல் ஆஃப் த பிரின்சஸ் ககுயா. நான்காவது ஸ்பிரிட்டட் அவே, ஐந்தாவது ஃபயர்ஃப்ளைஸ். அதற்குக் கீழே மோனோனோகேயும் கிகியும் மாறி மாறி வரும். ஹௌல் எனக்கு இன்னும் கீழே. நௌசிகா 1984இல் வந்தது, ஸ்டூடியோ தொடங்கியது 1985இல். அதனால் கணக்காகப் பார்த்தால் அது ஜிப்லி படமே இல்லை. ஆனால் அதே ஆட்கள், அதே கை. சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, நீங்கள் பத்தாவதாக வைத்ததை நான் முதலில் வைக்கிறேன். "இதை ஏன் வரைய வேண்டும்" என்று கேட்டீர்களே, எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நீங்கள் ரசித்த அந்தப் பொரித்த முட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜிப்லி படங்களின் சாப்பாட்டுக்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கம் ஸ்டூடியோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1974இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஹைடி என்ற தொடர் வந்தது. ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் சிறுமியின் கதை, 52 பகுதிகள். இயக்கியவர் தகஹாதா. 52 பகுதிகளுக்கும் காட்சி அமைப்பை வரைந்தவர், பின்னாளில் ஸ்பிரிட்டட் அவே, டோட்டோரோ, ஹௌல் எல்லாம் எடுத்த மியாசாகி. இதற்காக ஸ்விட்சர்லாந்துக்கே போய் மலையையும் வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அதில் தாத்தா பாலாடைக்கட்டியை நெருப்பில் காட்டுவார், அது உருகி வழியும்போது ரொட்டியில் வழித்து வைப்பார். கதைக்கு அந்தக் காட்சியால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் பார்த்த பிள்ளைகள் யாரும் அதை மறக்கவில்லை. எழுந்திருப்பது, சாப்பிடுவது, கதவைத் திறப்பது என்று அன்றாடம் செய்வதையெல்லாம் பொறுமையாக வரைய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் தகஹாதா. மியாசாகி வளர்ந்தது அந்தப் பட்டறையில். ஹௌலின் வாணலியில் சீறுகிற முட்டை அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் முதலிடப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டட் அவேயில் டிராகன் உண்டு, சூனியக்காரி உண்டு, ஆற்றுத் தெய்வத்தின் உடம்பிலிருந்து சைக்கிளைப் பிடித்து இழுக்கும் அற்புதமான காட்சி உண்டு. (மியாசாகி தன் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது உள்ளேயிருந்து உண்மையாகவே சைக்கிள் வந்ததாம்.) இருந்தாலும் அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் முடிவில் ரயிலுக்குத்தான் வந்து சேர்வார்கள். தண்ணீரின் மேல் ரயில் போகிறது. கதையின் நாயகிச் சிறுமி சிஹிரோ உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் முகமில்லாத அந்த உருவம். மற்ற பயணிகள் நிழல்கள். ஒரு நிலையத்தில் நிழல்கள் இறங்குகின்றன. வெளியே இருட்டுகிறது, விளக்குகள் கடந்து போகின்றன. யாரும் பேசுவதில்லை. சிஹிரோ இறங்க வேண்டியது ஆறாவது நிலையம். அவ்வளவுதான் காட்சி. "ஒரு பெண் ரயிலில் போகிறாள்" என்று குறை சொல்லியிருந்தீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தின் நடுநெஞ்சிலும் ஒரு பெண் ரயிலில்தான் போகிறாள்.

சரி, ஒன்லி யெஸ்டர்டேக்கு வருவோம். 1991இல் வந்தது. தயாரித்தவர்களில் மியாசாகியும் ஒருவர். 1982ஆம் ஆண்டு, டோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் 27 வயது தாயெகோ விடுப்பு எடுத்துக்கொண்டு, யமகாட்டா பகுதியில் ஒரு கிராமத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போகிறாள். கூடவே 1966இல் ஐந்தாம் வகுப்பு படித்த தாயெகோவும் புறப்பட்டு வந்துவிடுகிறாள்.

அன்னாசிப்பழக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள், அது முன்பாகவே வருகிறது. வீட்டுக்கு முதன்முறையாக முழுப் பழம் வருகிறது. எப்படி வெட்டுவது என்று யாருக்கும் தெரியாததால் அப்படியே வைத்திருக்கிறார்கள். பிறகு அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்ல, எல்லோரும் சுற்றி உட்கார, அம்மா கத்தியை வைக்கிறாள். அந்த அறுப்பை அவசரப்படாமல் காட்டுகிறார்கள். ஆளுக்கொரு துண்டு. வாயில் வைத்தால் கெட்டியாக இருக்கிறது, இனிப்பும் இல்லை. ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். வாழைப்பழம்தான் பழங்களின் ராஜா என்று தீர்ப்பாகிறது. தாயெகோ மட்டும் மிச்சத்தையும் விடாமல் மெல்லுகிறாள். தான் ஆசைப்பட்ட பழம் தோற்றுப்போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நடிகர்களை வைத்து எடுத்தால் இது ஒரு குடும்பம் பழம் சாப்பிடும் காட்சியாகக் கடந்து போய்விடும். வரையும்போது அந்தச் சிறுமியின் தாடை எத்தனை முறை அசைய வேண்டும், எந்த மெல்லலில் அவள் முகம் மாற வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பார்க்கிற நமக்கும் அந்தக் கவனம் தொற்றிக்கொள்கிறது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? 1966 வரும்போதெல்லாம் படத்தின் ஓரங்கள் வெளுத்துப் போயிருக்கும். வண்ணம் நீர்த்திருக்கும், பின்னணி பாதியில் நின்றுவிடும், மீதி வெறும் வெள்ளை. நமக்கும் பழசு அப்படித்தானே நினைவுக்கு வருகிறது? ஐந்தாம் வகுப்பு டீச்சரின் புடவை நிறம் நினைவிருக்கும், அவருக்குப் பின்னால் இருந்த சுவர் நினைவிருக்காது. 1982 வந்தால் ஒவ்வொரு இலையும் தெரிகிறது, தாயெகோ சிரித்தால் கன்னத்தில் கோடு விழுகிறது. பெரியவர்களின் குரலை முதலில் பதிவுசெய்துகொண்டு, அந்தப் பேச்சுக்கு ஏற்ப முகத் தசையை வரையச் சொன்னார் தகஹாதா. அனிமேஷனில் பெண்கள் முகத்தில் கோடு போட்டால் வயதாகித் தெரியும் என்று தவிர்ப்பார்கள். அவர் போட்டார். இந்த இரண்டு விதமான ஓவியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் அதை வரைந்துதான் ஆக வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

நீங்கள் நிறுத்திய பிறகு வருவது பின்னக் கணக்கு. மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். கீழே உள்ளதைத் தலைகீழாக்கிப் பெருக்கு, அவ்வளவுதான் என்கிறாள் அக்கா. தாயெகோ ஆப்பிள் படம் போட்டு யோசிக்கிறாள்: வகுத்தால் சின்னதாகத்தானே ஆக வேண்டும், எப்படிப் பெரிதாகும்? யாருக்கும் பதில் தெரியவில்லை, எல்லோருக்கும் விடை மட்டும் தெரிகிறது. இதையே 27 வயதில் அவள் யமகாட்டாவில் தோஷியோ என்ற விவசாயியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்: கேள்வி கேட்காமல் பின்னத்தைத் தலைகீழாக்கியவர்களுக்கு அப்புறம் வாழ்க்கையும் சுலபமாகப் போயிற்று என்று. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்பதை அப்படியே மனப்பாடம் செய்தவள்தான் நானும். அந்தக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்து ஆப்பிள் வரைந்து பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

ஃபயர்ஃப்ளைஸ் பற்றி எழுதியதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். அதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொல்வதைத் தகஹாதாவே திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறார். போர் தெரியாமல் பேசியவர் அல்ல. 1945 ஜூன் 29 அன்று ஒகயாமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு 9 வயது. இரவு உடையோடு, செருப்பில்லாமல், உடன்பிறந்த ஒருத்தியோடு தெருவில் ஓடியவர். அந்தப் படத்தில் அவர் பார்த்தது வேறு. 14 வயது செய்ட்டா சித்தியின் குத்தல் பேச்சு பொறுக்காமல், 4 வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுகிறான். வங்கியில் அம்மா விட்டுப்போன பணம் 7000 யென் இருக்கிறது. ஆனால் பணத்தைக் கொடுத்து வாங்கச் சோறு இல்லாத காலம் அது. சத்துள்ள உணவு கொடு என்று மருத்துவர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். அவன் கடைசியில் 3000 யென் எடுத்து, அரிசி வாங்கி வந்து சேரும்போது, தங்கை செட்சுகோ மிட்டாய் என்று நினைத்து எதையோ சப்பிக்கொண்டிருக்கிறாள். விளையாட்டுக் கண்ணாடிச் சில்லு அது. மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள். ஊரோடும் உறவோடும் ஒட்டாமல் இரண்டே பேராக வாழ்ந்துவிடலாம் என்று ஒரு பையன் நினைத்ததையும் அது முடியாமல் போனதையும்தான் எடுத்தேன் என்பது தகஹாதாவின் நிலை. போர் அதற்குள் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் போரைத் திட்டிவிட்டு எழுந்து போக முடியாதபடி எடுத்திருக்கிறார். நான் அதை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை செய்ட்டாவைவிடச் சித்தியைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படமும் உங்கள் மூன்றாவது இடத்து டோட்டோரோவும் ஒரே நாளில், 1988 ஏப்ரல் 16 அன்று, ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக வெளியாயின. டோட்டோரோவை மட்டும் நம்பிப் பணம் போட ஆள் தயங்கியதால் இரண்டையும் சேர்த்து எடுக்கும் யோசனை வந்தது. இரண்டிலும் அம்மா பக்கத்தில் இல்லை, இரண்டிலும் கோடை, இரண்டிலும் ஒரு 4 வயதுக் குழந்தை. டோட்டோரோவில் அம்மாவுக்கு உடம்பு தேறும் என்று நம்பி ஒரு சோளக்கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் குழந்தை மெய் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள். அந்தச் சோளம் போய்ச் சேர்கிறது, ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. மற்ற படத்தில் அரிசி வந்து சேர்கிறது, சாப்பிட வேண்டியவளுக்குக் கண் திறக்கவில்லை. அன்றைக்கு ஒரே அரங்கில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். உங்கள் பட்டியலில் அவை ஆறு இடம் தள்ளி நிற்பது எனக்கு அதனால்தான் ஒப்பவில்லை.

ககுயாவைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜப்பானின் மிகப் பழைய கதை, 2013இல் வந்த படம், எடுத்து முடிக்க எட்டு ஆண்டு ஆயிற்று. தகஹாதா தானாக வரையத் தெரிந்தவர் அல்ல, மற்றவர்களை வரையவைத்தவர். அதில் அந்தப் பெண் மாளிகையை விட்டு ஓடும் காட்சி வரும், கோடுகள் கரித்துண்டால் கிழித்ததுபோல் சிதறும். அப்புறம் நிலாவிலிருந்து அவளை அழைத்துப்போக வருகிறவர்களின் வாத்தியம். சோகமே தெரியாத தேவர்கள் என்பதால் அது குதூகலமான இசை. அந்தக் குதூகலத்தைக் கேட்டு நான் அழுதேன்.

தங்கையிடம் சொல்லுங்கள், கிகியை முதலில் வைத்ததில் தவறே இல்லை. வேலைக்கென்று ஊர் விட்டு வந்த 13 வயதுப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே வித்தை பறப்பது. ஒருநாள் அதுவும் வராமல் போகிறது. வேலைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வலிக்கும் என்று தெரியும்.

தகஹாதா 2018 ஏப்ரலில் காலமானார். விடைபெறும் கூட்டத்தில் மியாசாகி, முதல்முதலாக அவரோடு பேசிய நாளைச் சொன்னார். 1963. மழை விட்ட அந்திநேரம், தான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்ததாகவும், தெருவில் தேங்கிய நீருக்கிடையே ஓர் இளைஞன் நடந்து வந்ததாகவும். டோட்டோரோவின் மழையும் பேருந்து நிறுத்தமும் எனக்கு அதற்கப்புறம் பழைய மாதிரி இல்லை. 2023இல் வந்த த பாய் அண்ட் த ஹெரானில் உலகத்தையே கற்களை அடுக்கித் தாங்கி நிற்கும் கிழவர் தகஹாதாதான் என்று தயாரிப்பாளர் சுசுகியே சொல்லியிருக்கிறார்.

ஒன்லி யெஸ்டர்டேயை மறுபடி முதலிலிருந்து போடுங்கள். முடிந்தால் தங்கையோடு. முக்கியமாக, பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். தாயெகோ ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாள், பாட்டு ஆரம்பிக்கும், படம் முடிந்ததுபோலத்தான் இருக்கும். அப்போது இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்ப்பார்கள். கடைசிப் பெயர் வரைக்கும் அவர்களைப் பாருங்கள். அதிலும் எல்லோரும் போன பிறகு நிற்கிற அந்தச் சின்னத் தாயெகோவின் முகத்தை.

அன்புடன்,
அக்கா