அடிமைங்கள காசு குடுத்து வாங்கினவன் அவங்கள ஏன் அடிச்சு சாகடிக்கணும்? அவனுக்கு தானே நஷ்டம்?

இந்த கேள்விய நிறைய பேர் கேக்குறாங்க, கூடவே "அதனால அந்த கொடுமையெல்லாம் ஊதி பெருசாக்கினது"ன்னு ஒரு முடிவுக்கும் வந்துடுறாங்க. ஆனா சொந்த சொத்த எவனாவது அழிப்பானாங்கற இதே வாதத்த வச்சு தான் வர்ஜீனியாவுல (இப்ப அமெரிக்காவுல ஒரு மாநிலம், அப்ப இங்கிலாந்தோட காலனி) 1669ல ஒரு சட்டமே போட்டாங்க. எதிர்த்து நின்ன அடிமைய எஜமான் தண்டிக்கும்போது உயிர் போயிட்டா அது கொலைக்குற்றம் இல்ல, ஏன்னா எந்த மனுஷனும் வேணும்னே தன் சொத்த அழிக்க மாட்டான், இது தான் அந்த சட்டம் சொன்ன காரணம். அடிமைய காப்பாத்தும்னு நீங்க நினைக்கிற அதே லாஜிக் கொன்னவன தான் காப்பாத்துச்சு. அப்புறம் 1705 சட்டப்படி அரசாங்கமே ஒரு அடிமைய தூக்குல போட்டா அவரோட விலைய ஓனருக்கு பொதுப்பணத்துல இருந்து குடுத்துடுவாங்க, அதனால அங்கயும் நஷ்டம் கிடையாது.

இன்னொன்னு, அடி இல்லாம பருத்தித் தோட்டத் தொழிலே ஓடாது. சம்பளம் இல்ல, விட்டுட்டு போகவும் முடியாது, அப்ப ஒருத்தர் விடியறதுக்கு முன்னாடி எழுந்து இருட்டுற வரைக்கும் பருத்தி எடுக்கணும்னா பயம் ஒண்ணு தான் வழி. அமெரிக்காவோட தெற்குல இருக்குற லூசியானா மாதிரி இடங்கள்ல சாயங்காலம் ஒவ்வொருத்தர் கூடையும் எடை போடுவாங்க. குறைஞ்சா சவுக்கடி. கூடினா நாளைக்கு அதே எடை கேப்பாங்க, அதனால எடை போடுற இடத்துக்கு கூடைய தூக்கிட்டு போறதே ரெண்டு பக்கமும் பயம் தான். அடிச்ச காயத்துல உப்புத்தண்ணி ஊத்துறதும் நடந்திருக்கு. 1863ல, உள்நாட்டுப் போர் நடந்தப்ப, ஒருத்தர் லூசியானாவுல ஒரு தோட்டத்துல இருந்து தப்பிச்சு, அதே மாநிலத்துல பேட்டன் ரூஜ் ஊர்ல இருந்த வடக்கு மாநிலங்களோட ராணுவ முகாமுக்கு வந்தாரு, அவர் முதுகு ஃபோட்டோவ நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க, தழும்பு மேல தழும்பா தடிச்சு போய் இருக்கும். அத பாத்துட்டு ஊதி பெருசாக்கினதுன்னு சொல்ல எனக்கு மனசு வராது.

பிரெஞ்சுக்காரங்க தங்களோட காலனிகளுக்காக 1685ல போட்ட கறுப்புச் சட்டம் (Code Noir) அடிமைங்களுக்கு பாதுகாப்பு குடுத்துச்சுன்னு சிலர் சொல்வாங்க. எஜமான் தன் இஷ்டத்துக்கு கை கால வெட்டக்கூடாதுன்னு அதுல இருக்கு, உண்மை தான். ஆனா அதே சட்டத்துல, ஓடிப்போய் ஒரு மாசம் ஆகியும் பிடிபடலன்னா ரெண்டு காதையும் அறுத்து தோள்ல சூடு போடணும், ரெண்டாவது தடவைன்னா கால் நரம்ப வெட்டி இன்னொரு தோள்ல சூடு, மூணாவது தடவை மரணம்னும் இருக்கு. வெட்டுற உரிமைய எஜமான்கிட்ட இருந்து அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அவ்வளவு தான்.

வட கரோலினாவுல ஜான் மேன்னு ஒருத்தன், லிடியாங்கற பொண்ண அவங்க ஓனர்கிட்ட இருந்து ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். ஏதோ சின்ன தப்புக்கு அவன் அடிக்க, அவங்க ஓட, முதுகு பக்கமா சுட்டுட்டான். கீழ் கோர்ட்டு அவன் குற்றவாளின்னு சொல்லுச்சு. 1829ல மேல் கோர்ட்டு நீதிபதி தாமஸ் ரஃபின் அத ரத்து பண்ணிட்டாரு. எஜமானோட அதிகாரம் முழுசா இருந்தா தான் அடிமையோட கீழ்ப்படிதல் முழுசா இருக்கும்னு தீர்ப்புலயே எழுதினாரு. உங்க கேள்விக்கு இத விட நேரான பதில் எனக்கு தெரியல.

"நல்ல ஓனரும் இருந்தாங்களே"ன்னு அடுத்து கேப்பீங்க. இருந்திருக்கட்டும், அந்த நல்லவர் கடன் வச்சுட்டு செத்துட்டா அம்மா ஒரு ஏலத்துல, புள்ள ஒரு ஏலத்துல. 1800கள்ல அமெரிக்காவுக்கு உள்ளயே வர்ஜீனியா மாதிரி மாநிலங்கள்ல இருந்து இன்னும் தெற்க இருந்த பருத்தி மாநிலங்களுக்கு கொண்டு போகப்பட்டவங்க மட்டும் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர், சொன்ன பேச்சு கேக்கலன்னா தெற்க வித்துடுவேன்னு சொல்றதே சவுக்க தொடாம குடுக்குற தண்டனையா இருந்துச்சு.