வறட்சி: கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே கேட்க வேண்டியவை

கேள்வி: ஐயா, இந்தப் பருவத்தில் மழை குறைவு. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இதையும் வறட்சி என்று சொல்லலாமா?

பதில்: வறட்சி படிப்படியாகத்தான் இறங்கி வரும். முதலில் மழை குறையும். சில வாரங்களில் வேர்ப்பகுதி காய்ந்து மானாவாரிப் பயிர் வாடும். ஆறும் ஏரியும் கிணறும் வற்றப் பல மாதங்கள் ஆகலாம். கிணற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் செய்தி கடைசியில்தான் வந்து சேரும். பெய்த மழையை அந்த இடத்தின் பல ஆண்டு மழையோடு ஒப்பிட்டுச் சொல்லும் மழைக் குறியீடு ஒன்றை உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கிறது. அது −1.5க்குக் கீழே போனால் கடும் வறட்சி, −2க்குப் போனால் மிகக் கடுமை. உங்கள் கிணற்றில் இப்போது இருப்பது முன்பு பெய்த மழை. அதைச் செலவழிக்கும் விதத்தை இந்த மாதமே மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் எல் நினோதான் காரணம் என்கிறார்களே?

பதில்: பெரிய காரணம்தான், ஒரே காரணம் இல்லை. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அப்போது மழை மேகங்கள் திரளும் இடமே நகர்ந்துவிடுகிறது. ஆனால் 1997இல் மிக வலுவான எல் நினோ இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. 2002இல் அத்தனை வலுவில்லாத எல் நினோவிலேயே மழை சுமார் 19 விழுக்காடு குறைந்தது. இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சும். அதே அளவு மழை பெய்தாலும் நிலம் முன்பைவிடச் சீக்கிரம் காய்வது இதனால்தான்.

கேள்வி: அண்ணே, போர்வெல் 400 அடியில் நின்றுவிட்டது. இன்னும் 300 அடி இறக்கலாமா? கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும்.

பதில்: தம்பி, கடன் என்றதால் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் நிலத்தடியில் கடும்பாறை என்றால், தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில்தான். பொதுவாக ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். கிடைத்தாலும் அது நீண்ட காலம் தேங்கிய நீராக இருக்கலாம். உப்போ ஃப்ளோரைடோ கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. பக்கத்துக் கிணறு வற்றினால் அவரும் இன்னும் ஆழமாக இறக்குவார். இந்தப் போட்டியில் பல குடும்பங்கள் நிலத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்த வேதனையில்தான் சொல்கிறேன். முதலில் இருக்கும் நீருக்கு ஏற்ப சாகுபடிப் பரப்பைக் குறையுங்கள். பல ஆண்டு மரப்பயிர் இருந்தால் அதற்கு முதல் பங்கு. சொட்டுநீர் போடுங்கள், காய்ந்த இலைதழையால் கனமாக மூடாக்கு இடுங்கள். இதற்குப் பிறகும் போர் இறக்கத்தான் வேண்டுமென்றால், பாறையைச் சோதித்துப் பார்க்காமல் இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: மழையில்லாமல் குறுகிப்போன சோளத்தை மாட்டுக்கு மேயவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. இதைப் படிக்கும் எல்லோரும் நினைவில் வையுங்கள். வாடிய இளஞ்சோளத்திலும், வெட்டிய பின் வரும் மறுதாம்புத் துளிரிலும் ஹைட்ரோ சயனிக் அமிலம் என்ற நஞ்சு உண்டாகும். பசியோடு மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழும். வறட்சிக்குப் பின் முதல் மழையில் தழைக்கும் பச்சைத் துளிரும் ஆபத்துதான். அப்போதுதான் மாடும் பச்சைக்கு ஏங்கி நிற்கும். பூத்த பிறகு வெட்டி, நன்றாக உலர்த்திக் கொடுத்தால் அந்த நஞ்சு பெருமளவு குறையும். ஆனால் வாடிய தீவனத்தில் சேரும் நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சு உலர்த்தினாலும் போகாது. அதனால் மற்ற வைக்கோலோடு கொஞ்சமாகக் கலந்தே போடுங்கள். மாடு தள்ளாடினால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மருந்து இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

கேள்வி: பெரிய நகரம் ஒன்று தண்ணீர் இல்லாமல் போவதைத் தடுக்க முடியுமா சார்?

பதில்: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் தடுத்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மழை குறைந்தபின், 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். குழாய் அழுத்தத்தைக் குறைத்தார்கள். விவசாயிகள் தங்கள் அணை நீரில் ஒரு பகுதியை நகருக்குத் திறந்துவிட்டார்கள். நகரின் பயன்பாடு பழைய அளவில் பாதிக்கும் கீழே வந்தது. பிறகு மழையும் வந்தது. மழை வரும்வரை தாக்குப்பிடிக்க வைத்தது அந்தச் சிக்கனம்தான்.

கேள்வி: பாழான நிலம் மீளுமா?

பதில்: மீளும். 1930களில் அமெரிக்கப் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்திருந்தார்கள். மழை பொய்த்தபோது வேர்ப்பிடிப்பு இல்லாத மேல்மண் புழுதிப்புயலாகப் பறந்தது. மறுபக்கம் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் யகூபா சவடோகோ என்ற விவசாயியைப் பாருங்கள். 1980களில் பாறைபோல் இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறுகுழிகள் வெட்டி எருவை நிரப்பினார். எருவைத் தேடி வந்த கரையான்கள் மண்ணைத் துளைத்தன, பெய்த கொஞ்ச மழையும் உள்ளே இறங்கியது. தானியத்தோடு மரங்களும் முளைத்து, காலப்போக்கில் அங்கே ஒரு காடே வந்தது.

கேள்வி: ஏரி காய்ந்து கிடக்கிறது. தூர்வார இது நேரமா?

பதில்: இதுதான் நேரம். வண்டலை மட்டும் எடுங்கள், வயலுக்கு அது நல்ல உரம். அடியில் இறுகிய களிமண் தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். அதை வெட்டிவிட்டால், நிறைந்த ஏரியிலும் தண்ணீர் தங்காமல் போகலாம். ஏரிக்கு முன்பாக வரத்துக்கால்வாயை நடந்து பாருங்கள். அது அடைபட்டிருந்தால் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.